ஏர்கான் இல்லாத கார் விற்பனைக்கு

என் காரில் ஏர்கான் கிடையாது. நான் ஏர்கான் பழுதுபார்க்கும் வேலை செய்பவன். இந்த இரண்டையும் சேர்த்துக் கேட்பவர்கள் சிரிப்பார்கள். சிரித்தவர்களில் பாதிப் பேரோடு எனக்கு இன்று பேச்சுவார்த்தை இல்லை.

விஷயம் எளிது. அது ஜப்பானில் செய்த இரண்டு சீட்டுக் கார். துணிக் கூரை. அந்த மாதிரிக் காரின் சுகமே அது லேசாக இருப்பதுதான். எடை குறையக் குறைய வளைவுகளில் சொன்ன பேச்சைக் கேட்கும். அதனால் வாங்கிய முதல் வருடமே தேவையில்லாதது என்று எனக்குத் தோன்றியதையெல்லாம் கழற்றினேன். ரேடியோ போனது. தரைவிரிப்பு போனது. மாற்றுச் சக்கரம் போனது. கடைசியில் ஏர்கானும் போனது. கம்ப்ரஸர், குழாய்கள் எல்லாம் சேர்த்து இருபது கிலோ இருக்கும். அப்போது என் எடை தொண்ணூற்றிரண்டு கிலோ.

"அந்த இருபதை உங்க வயித்துலேர்ந்து கழட்டியிருக்கலாமே" என்றாள் என் மனைவி.

நியாயமான கேள்வி. அதனால்தான் கோபம் வந்தது.

அவள் அந்தக் காரில் ஒரே ஒரு தடவைதான் ஏறினாள். ஆங் மோ கியோ வட்டாரத்தில் எங்கள் அடுக்குமாடி புளோக்கிலிருந்து சிராங்கூன் ரோட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். பட்டுப் புடவை, தலை நிறைய மல்லிகை. கூரையைத் திறந்தால் வெயில், மூடினால் புழுக்கம். திறந்தோம். பாதி வழியில் மழை பிடித்தது. மண்டபத்து வாசலில் இறங்கியபோது அவள் தலையில் நார்தான் இருந்தது. பூ நெடுஞ்சாலையோடு போய்விட்டது.  திரும்பி வரும்போது பஸ்ஸில் வந்தாள். அதற்குப் பிறகு அந்தக் காரை அவள் "உங்க ரெண்டாவது பொண்டாட்டி" என்றுகூடச் சொல்லவில்லை. "அந்தத் தகர டப்பா" என்றுதான் சொல்வாள்.

ஏழு வருடம் ஓட்டினேன். ஸ்பிரிங்கை மாற்றிக் காரைத் தாழ்த்தினேன். புகைக்குழாயை மாற்றினேன். பழைய குழாய் இருமுகிற மாதிரி இருக்கும். புதியது நன்றாகச் சத்தமாகப் பேசும். அதை நானே பற்றவைத்தேன். சட்டப்படி அது கூடாது. கூடாது என்று தெரிந்துதான் செய்தேன். இதை மெழுகிச் சொல்ல எனக்கு வராது.

விற்க வேண்டி வந்தது என் முதுகால். அவ்வளவு தாழ்ந்த காரில் ஏறுவதென்றால் விழ வேண்டும். இறங்குவதென்றால் தவழ வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மீன் வாங்கத் தேக்கா மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன். ஊரில் உள்ள அத்தனை கட்டுமானத் தொழிலாளர்களும் அங்கே கூடியிருந்த நேரம். காரை நிறுத்திவிட்டு வலது காலைத் தரையில் வைத்தேன். இடுப்புக்கு மேலே இருந்த உடம்பு வர மறுத்துவிட்டது. முதுகில் யாரோ திருப்புளியைச் செருகித் திருகுகிற மாதிரி வலி.

நடைபாதையில் நின்றிருந்த இரண்டு பேர் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த பையன்கள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும்.

"அண்ணே, உதவி வேணுமா?"

"வேணாம்."

அவர்கள் போகவில்லை. ஐந்து நிமிடம் கழித்து அதே ஆள் மறுபடியும் கேட்டார்.

"இப்ப வேணுமாண்ணே?"

"வேணும்."

ஆளுக்கொரு அக்குளில் கைகொடுத்து, சிமெண்டு மூட்டையை இறக்குவதுபோல என்னை வெளியே எடுத்தார்கள். ஒருவர் காருக்குள்ளே எட்டிப் பார்த்தார். "இதுக்குள்ளயா இருந்தீங்க? எங்க டார்மிட்டரி லாக்கரு இதைவிடப் பெருசுண்ணே" என்றார். சுற்றியிருந்த கூட்டம் சிரித்தது. இரண்டு பேர் படம் பிடித்தார்கள். நான் நன்றியும் சொன்னேன், திட்டவும் செய்தேன். எது முதலில் என்று ஞாபகம் இல்லை.

முதுகில் இரண்டு வட்டு விலகியிருக்கிறது, இனிமேல் அந்தக் காரில் ஏறினால் என்னிடம் வராதே என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

கார் போகத்தான் வேண்டும். அதில் எனக்கு வாதம் இல்லை. எங்கே போகும் என்பதில்தான் வாதம். அந்த மாதக் கடைசியோடு சாலை வரி முடிகிறது. பதினெட்டு வயதுக் காருக்கு வருடா வருடம் இன்ஸ்பெக்ஷன் உண்டு. அதில் தேறினால்தான் வரி கட்ட முடியும். வரி இல்லாத காரைச் சாலையில் இறக்க முடியாது. அதற்குள் யாரும் வாங்காவிட்டால், உடைக்கிற யார்டுக்குப் போகும். யார்டுக்காரர் ஏற்கெனவே தினமும் போன் போட ஆரம்பித்திருந்தார். அங்கே இரும்புக் கையால் தூக்கி, ஐந்து நிமிடத்தில் மடித்துவிடுவார்கள். நான் அதைப் பார்த்திருக்கிறேன். கண்ணாடி நொறுங்கும் சத்தம்கூட அதிக நேரம் இருக்காது. என் காருக்கு அது நடக்கக் கூடாது. ஓட்டத் தெரிந்த ஒருவர் கையில் கொடுக்க வேண்டும். எனக்கு இருந்தது அந்த ஒரே ஆசை. கையில் இருந்தது மூன்று வாரம்.

பழைய கார் விற்கும் இணையப் பக்கத்தில் விளம்பரம் எழுதினேன். ஆங்கிலத்தில் எழுதினேன். தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'இரண்டு சீட்டுக் கார். ஏர்கான் இல்லை, கேட்காதே. ரேடியோ இல்லை. மழை பெய்தால் ஓட்டுபவரின் வலது தொடை நனையும். பெட்டி வைக்க இடமில்லை. முதுகுவலிக்காரர்கள் வர வேண்டாம். தானியங்கி கியர் மட்டும் ஓட்டத் தெரிந்தவர்களும் வர வேண்டாம். இன்ஜின் மிக நன்றாக இருக்கிறது. விலை குறைக்க மாட்டேன்.'

மனைவி என் தோளுக்கு மேலே குனிந்து படித்தாள்.

"இது விளம்பரமா, இல்ல கரண்ட் கம்பத்துல மாட்டுற எச்சரிக்கைப் பலகையா?"

"உண்மையைத்தானே எழுதியிருக்கேன்."

"உண்மையை எழுதுங்க. திட்டி எழுதாதீங்க."

நான் மாற்றவில்லை.

உண்மை எழுதினால் என்ன ஆகும் என்பதை அந்த வாரம் தெரிந்துகொண்டேன். யாரும் நம்ப மாட்டார்கள். முதலில் வந்தவன் காதலியோடு வந்தான். அந்தப் பெண் கையடக்க விசிறியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, "அங்கிள், ஏர்கான் ரிப்பேரா, இல்ல இல்லவே இல்லையா?" என்று கேட்டாள். இல்லவே இல்லை என்றேன். "பட் யூ ஆர் தி ஏர்கான் மேன், ரைட்?" என்றாள். நான் வேலைச் சட்டையோடு நின்றிருந்தேன். நெஞ்சில் பெரிய எழுத்தில் அதுதான் எழுதியிருந்தது. அந்தப் பையன் சிரிப்பை அடக்கத் தரையைப் பார்த்தான். இரண்டு பேரையும் அனுப்பிவிட்டேன்.

அடுத்தவர் கார் வியாபாரி. வந்ததும் டயரைக் காலால் உதைத்தார். விளம்பரத்தை மறுபடி படித்தார். "இவ்ளோ குறை சொல்றீங்கன்னா, நீங்க சொல்லாம விட்டது என்ன பாஸ்? ஆக்ஸிடென்டா?" என்றார்.

"சொல்லாம விட்டது ஒன்னுதான். என் காரை உதைக்கிறவனுக்கு நான் விக்க மாட்டேன்."

"நான் உதைச்சது டயரை லா" என்று இந்த ஊர் இழுவையோடு சொன்னார்.

"டயர் எதோட இருக்கு?"

அவரும் போனார். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் ஐந்து பேர் வந்து ஐந்து பேரும் போயிருந்தார்கள். "நீங்க காரை விக்கல. ஆள் விரட்டுறீங்க. அதுக்குத் தனியா விளம்பரம் போடலாம், நல்லா வேலை கிடைக்கும்" என்றாள் மனைவி.

ஆறாவதாக வந்தவள் போன் செய்யும்போதே வித்தியாசமாக இருந்தாள். ஏர்கானைப் பற்றிக் கேட்கவில்லை. "அடியில படுத்துப் பாக்க விடுவீங்களா?" என்று கேட்டாள். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவள். துவாஸில் ஒரு கப்பல் பட்டறையில் வெல்டிங் சரியாக இருக்கிறதா என்று சோதிக்கிற வேலை. தேக்கா பக்கம் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தாள். சனிக்கிழமை காலை அங்கே உள்ள கார் நிறுத்துமிடத்துக்கு வரச் சொன்னாள். நான் முதுகைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஓட்டிப் போனேன்.

அவள் ஒரு பழைய பாயைக் கையில் கொண்டு வந்திருந்தாள். வணக்கம் சொன்னாள், பாயைத் தரையில் போட்டாள், டார்ச் விளக்கோடு காருக்கு அடியில் போய்விட்டாள். வெளியே இரண்டு செருப்பு மட்டும் தெரிந்தது. பத்து நிமிடம் சத்தமே இல்லை. கறிவேப்பிலைக் கட்டோடு போன ஒரு அம்மா நின்று, "ஆக்ஸிடென்டா?" என்று என்னைக் கேட்டார். இல்லை, வியாபாரம் என்றேன்.

அடியிலிருந்து குரல் வந்தது.

"அண்ணா, இந்த எக்ஸாஸ்ட் பைப்புல வெல்டு போட்டது யாரு?"

"ஏன்?"

"சும்மா தெரிஞ்சுக்கலாம்னு. அந்த ஆளைக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேக்கணும். கோழி கிளறின மாதிரி இருக்கு."

"நான்தான் போட்டேன்."

டார்ச் வெளிச்சம் இன்னொரு தடவை பைப் பக்கம் போய் வந்தது. "சரிண்ணா. உறுதியாத்தான் இருக்கு. பாக்கத்தான் சகிக்கல."

எனக்குக் கோபம் வர வேண்டிய இடம் அது. வரவில்லை. ஏழு வருடத்தில் அந்தக் காரை இப்படி ஒழுங்காகப் பார்த்த முதல் ஆள் அவள்தான்.

பிறகு ஓட்டிப் பார்த்தாள். நான் பக்கத்து சீட்டில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஊரில் அவள் அப்பா பால் வண்டி வைத்திருந்தாராம். கல்லூரி முடியும்வரை விடியற்காலையில் அவள்தான் ஓட்டினாளாம். அது கையில் தெரிந்தது. கியரை இடிக்காமல், கெஞ்சாமல் மாற்றினாள். வளைவில் பிரேக்கை முன்னாலேயே முடித்துவிட்டுத் திரும்பினாள். வெயிலில் அவள் முகமெல்லாம் வேர்த்து வழிந்தது. துடைக்கவில்லை. சிரித்துக்கொண்டே ஓட்டினாள்.

நிறுத்திவிட்டு, "எடுத்துக்கறேன். உங்க விலைக்கே எடுத்துக்கறேன். ஆனா ஒரு கண்டிஷன்" என்றாள்.

"சொல்லு."

"இன்ஸ்பெக்ஷன் பாஸ் பேப்பர் வேணும். இந்தச் சத்தம் போடற பைப்போட அது பாஸ் ஆகாது. ஒரிஜினல் பைப்பை மாட்டிக் குடுங்க. தேறாத வெல்டை நான் கப்பல்லயே விட மாட்டேன்ணா. தேறாத காரை எப்படி வாங்குவேன்?"

சரி என்று சொல்லிவிட்டேன். சொல்லி முடித்த பிறகுதான் ஞாபகம் வந்தது. ஒரிஜினல் பைப் என்னிடம் இல்லை.

இது ஒரு தனிக் கதை, அவமானமான கதை. எங்களைப் போலக் காரை மாற்றுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கழற்றிய அசல் பாகத்தை எறிய மாட்டோம். வீட்டில் வைத்திருப்போம். வருடத்துக்கு ஒரு நாள் அதை மாட்டிக்கொண்டு இன்ஸ்பெக்ஷனுக்கு நல்ல பிள்ளையாகப் போவோம். மறுநாள் கழற்றிவிடுவோம். என் பைப் எங்கள் வீட்டு பாம் ஷெல்ட்டரில் இருந்தது. போர் வந்தால் ஒளிந்துகொள்ள வீட்டுக்கு வீடு கட்டிக் கொடுத்த அந்தச் சின்ன அறையில் எல்லோரும் அரிசி மூட்டையும் பழைய சூட்கேஸும் வைத்திருப்பார்கள். நான் பைப் வைத்திருந்தேன். போன தீபாவளிக்கு வீடு சுத்தம் செய்தபோது, "இந்த இரும்பை எடுத்தா என் மிக்ஸி பெட்டியை வைக்கலாம்" என்றாள் மனைவி. எடுக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். மாட்டேன் என்றாவது சொல்லியிருக்கலாம். நான் என்ன செய்தேன்? கீழே பழைய சாமான் வாங்கும் காராங்குனிக்காரர் ஹாரனை அமுக்கிக்கொண்டு போனார். "இப்ப பாரு!" என்று கத்திவிட்டு, பைப்பைத் தோளில் போட்டுக்கொண்டு லிஃப்டில் இறங்கி அவர் வண்டியில் எறிந்துவிட்டு வந்தேன். அவளைத் தண்டிப்பதாக நினைப்பு. அவள் அன்று சாயங்காலமே மிக்ஸி பெட்டியை அங்கே வைத்துவிட்டாள்.

கடைகளில் கேட்டேன். பதினெட்டு வருடக் காருக்கு யாரும் வைத்திருக்கவில்லை. ஜப்பானிலிருந்து வரவழைக்கலாம், ஒன்றரை மாதம் ஆகும் என்றார்கள். எனக்கு இருந்தது பன்னிரண்டு நாள்.

இன்னொரு வழி இருந்தது. அதை நினைக்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

என் காரைப் போன்ற கார் வைத்திருக்கும் ஏழெட்டுப் பேர் ஞாயிற்றுக்கிழமை காலையில் ரொட்டி பிராட்டா என்கிற பரோட்டா சாப்பிடக் கூடுவோம். அதில் பிடோக்கில் இருக்கும் ஒருவரிடம் ஓர் உபரி ஒரிஜினல் பைப் உண்டு. பழைய படுக்கை விரிப்பில் சுற்றி வைத்திருப்பார். அசல் பைப்பைத் தொலைத்தவர்கள் எல்லாம் அதைத்தான் வாங்கிக்கொண்டு போய் இன்ஸ்பெக்ஷனில் தேறிவிட்டுத் திருப்பித் தருவார்கள். அதற்கு நாங்கள் வைத்த பெயர் 'மாப்பிள்ளைக் கோட்டு'. ஒரு நாள் போட்டுக்கொண்டு மரியாதையாக நிற்பதற்கு.

அந்தப் பிடோக்காரரோடு எனக்கு இரண்டு வருடமாகப் பேச்சு இல்லை.

அவர் டாக்ஸி ஓட்டுகிறவர். தன் சிவப்புக் காரில் கூரையை மூடி, ஏர்கானை முழுசாகப் போட்டுக்கொண்டுதான் வருவார். ஒரு ஞாயிறு, எல்லார் முன்னாலும், "ஏர்கான்காரர் கார்ல அரிசி மாவை வச்சா, அஞ்சு நிமிஷத்துல புட்டு வெந்துடும்" என்றார். மேசையே சிரித்தது. எனக்குச் சுருக்கென்றது. "உன்னோடது மட்டும் காரா? ரெண்டு சீட்டைக் கழட்டின டாக்ஸி" என்றேன். அதற்கும் எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். மன்னிப்புக் கேள் என்று மற்றவர்கள் சொன்னார்கள். அவன் புட்டு என்று சொன்னதற்கு யார் கேட்பார்கள் என்று நான் கத்தினேன். குரூப் சாட்டிலிருந்து வெளியேறினேன். ஞாயிற்றுக்கிழமைக்குப் போவதையும் நிறுத்தினேன்.

நான்கு நாள் வீட்டில் குட்டி போட்ட பூனைபோல நடந்தேன். மனைவி பொறுத்துப் பார்த்தாள்.

"ஒரு சாரி சொன்னா உங்க வாய் என்ன சுளுக்கிக்குமா?"

"அவன்தான் முதல்ல ஆரம்பிச்சான்."

"சரி. யார்டுக்காரருக்கு நானே போன் போடவா? நம்பர் மேசை மேலதான் இருக்கு."

அவள் உண்மையாகவே போனை எடுத்தாள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

பிடோக்கில் அவர் புளோக்குக்குக் கீழே டாக்ஸியைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் துணியை உதறிவிட்டு நிமிர்ந்து நின்றார்.

"வாங்க சார். டாக்ஸி வேணுமா சார்? எங்க போகணும் சார்?"

பழக்கத்தில் என்னை 'வா போ' என்று பேசுகிற மனிதர். ஒவ்வொரு 'சாரும்' ஓர் அறை.

"பைப் வேணும்" என்றேன்.

"எந்த பைப் சார்? தண்ணி பைப்பா?"

"மாப்பிள்ளைக் கோட்டு."

"ஓ, கோட்டா! அது கார் வச்சிருக்கவங்களுக்குக் குடுக்கறதாச்சே சார். நான் வச்சிருக்கறது ரெண்டு சீட்டைக் கழட்டின டாக்ஸி. அதோட பைப் உங்க காருக்கு எப்படி சேரும்?"

பஸ்ஸில் வரும்போது ஒரு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன். 'நீ தப்பா எடுத்துக்கிட்டிருந்தா மன்னிச்சுக்கோ' என்பது அது. நன்றாகத்தான் இருந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அது மன்னிப்பே இல்லை என்று தெரிந்தது. தப்பு நீ எடுத்துக்கொண்ட விதத்தில்தான் என்று அவரையே குற்றம் சொல்கிற வாக்கியம் அது. அதை அப்படியே விழுங்கிவிட்டேன்.

அவரே பேசினார். 'சார்' போய்விட்டது.

"என் காரை நீ என்ன வேணும்னாலும் சொல்லு. நானும் சொல்லியிருக்கேன். ஆனா அன்னிக்கு டாக்ஸின்னு சொன்னப்ப உன் மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். முப்பது வருஷமா பின்சீட்டுல வர்றவங்க மூஞ்சியைக் கண்ணாடியில பாத்துக்கிட்டுத்தான் ஓட்டறேன். அந்த மூஞ்சியை எங்க பாத்தாலும் கண்டுபிடிச்சிடுவேன்."

எனக்குச் சுற்றி வளைக்க வராது. சொன்னேன்: "வேணும்னுதான் சொன்னேன். உனக்கு வலிக்கணும்னு தேடித்தான் சொன்னேன். டாக்ஸி ஓட்டறது கேவலம்னு நான் நினைக்கல. ஆனா சொன்னா உனக்கு வலிக்கும்னு தெரியும். சாரி."

அவர் துணியைப் பிழிந்தார். தண்ணீர் வாளியில் சொட்டி முடிந்தது.

"இதைச் சொல்ல ரெண்டு வருஷமா?"

"ஆமா."

"உன் வேலையையே உன் கார்லேர்ந்து கழட்டி எறிஞ்சவன் நீ. உங்கிட்ட வேற என்ன எதிர்பாக்கறது?" என்றார். அவர் வாய் ஓரம் லேசாகக் கோணியது.

"பைப்?"

"இரு லா. ரெண்டு வருஷம் கழிச்சு வந்துட்டு, ரெண்டு நிமிஷத்துல பைப் கேக்கறே. முதல்ல டீ குடி."

டீ குடிக்கும்போது அந்தப் பெண்ணைப் பற்றிச் சொன்னேன். பாய் போட்டுப் படுத்துப் பார்த்தாள் என்றதும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. கோழி கிளறின மாதிரி என்று சொன்னாள் என்றதும், நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். "அவளுக்கே குடு. வேற யாருக்கும் குடுக்காதே" என்றார்.

மறுநாள் ஆங் மோ கியோவில் தெரிந்த பட்டறையில் அவரே வந்து மாட்டிக் கொடுத்தார். என் முதுகால் குனிய முடியாது. நான் போல்ட்டுகளை எடுத்துக் கொடுத்தேன். சோதனை நிலையத்துக்கும் கூடவே வந்தார். உன்னைத் தனியாக அனுப்பினால் சோதனை செய்கிறவரோடு சண்டை போட்டுவிட்டு வருவாய் என்றார். அது சரியாகத்தான் இருந்தது. சோதனை செய்த ஆள் காருக்குள் தலையை விட்டு, ஏர்கான் சுவிட்ச் இருந்த ஓட்டையை விரலால் தொட்டுப் பார்த்து, என் சட்டையில் எழுதியிருந்ததையும் படித்தார். நான் வாயைத் திறந்தேன். பிடோக்காரர் என் காலை நன்றாக மிதித்தார். வாய் மூடிக்கொண்டது. சத்தம் அளக்கும் கருவியைப் பைப்புக்குப் பின்னால் வைத்தார்கள். கார் லேசாக இருமியது. தேறிவிட்டது.

இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. அந்த பைப் இரவல் என்பது காரை வாங்குகிற பெண்ணுக்குத் தெரியாது. சொல்லாமல் விட்டிருக்கலாம். பேப்பர் கையில் இருக்கிறது, அவள் கேட்டதும் பேப்பர்தான். போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். காராங்குனி முதல் பிடோக் வரை.

 அந்தப் பக்கம் ஏதோ இயந்திரம் ஓடும் சத்தம். பட்டறையில் இருந்தாள்போல.

"அப்ப பாஸ் ஆனது உங்க கார் இல்ல. அவரோட பைப்பு" என்றாள்.

"ஆமா."

"பைப்பைக் கழட்டிட்டுக் குடுத்தா நான் வாங்க மாட்டேன்ணா."

மாதக் கடைசிக்கு நான்கு நாள் இருந்தது. யார்டுக்காரர் அன்று காலையிலும் கூப்பிட்டிருந்தார். போனை வைத்துவிட்டுப் பிடோக்காரரைக் கூப்பிட்டேன். கெஞ்சுவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது. "ஜப்பான்லேர்ந்து புது பைப் வர ஒன்றரை மாசம். அதுவரைக்கும் உன் கோட்டை அவகிட்ட விடுவியா?" என்று மட்டும் கேட்டேன்.

"விடறேன். ஆனா வாடகை உண்டு."

"எவ்ளோ?"

"ஞாயித்துக்கிழமை காலைல அந்தப் பொண்ணு பிராட்டா சாப்பிட வரணும். ஒவ்வொரு ஞாயிறும். கார் எப்படி ஓடுதுன்னு எங்களுக்குத் தெரியணும். கார் இல்லாட்டியும் பரவாயில்ல, நீயும் பஸ் புடிச்சு வா."

அவளிடம் சொன்னேன். "பிராட்டாக்குக் குருமா உண்டா?" என்று கேட்டாள். மீன் கறி என்றேன். சரி என்றாள். புது பைப்புக்கு அன்றே சொல்லிவைத்தோம்.

அடுத்த சனிக்கிழமை காலை, அதே தேக்கா கார் நிறுத்துமிடம். மனைவியும் வந்திருந்தாள். தகர டப்பா உண்மையாகவே போகிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டுமாம். பிடோக்காரரும் டாக்ஸியை நிறுத்திவிட்டு வந்தார். பெயர் மாற்றத்துக்குக் கைப்பேசியில் நான் ஒரு தடவை, அந்தப் பெண் ஒரு தடவை கட்டைவிரலை வைத்தோம். முடிந்துவிட்டது. ஏழு வருடம், ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. எனக்கு யாரையாவது திட்ட வேண்டும்போல இருந்தது. யாரும் தோதாக அகப்படவில்லை.

அவள் மார்க்கெட்டில் வாங்கிய நான்கு எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு ஒன்றாக வைத்தாள். கண்ணாடியில் ஒரு முழம் மல்லிகை சுற்றினாள். சூடம் காட்டினாள். உள்ளே விழுந்தாள். ஆமாம், விழத்தான் வேண்டும். காரை நகர்த்தினாள். நான்கு பழமும் நசுங்கின.

"ரொம்ப லேசான கார்னு சொன்னீங்க?" என்றாள் மனைவி.

நான் கதவைப் பிடித்துக்கொண்டு சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்ல ஆரம்பித்தேன். இரண்டாவது கியர் காலையில் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். கூரையின் இடது கொக்கியை மேல்நோக்கித் தள்ளிவிட்டு இழுக்க வேண்டும். மழைக்குத் தொடையில் போட்டுக்கொள்ள ஒரு துண்டு வைத்துக்கொள். எண்ணெயை நானே வந்து பார்க்கிறேன். பெட்ரோல் முள் பாதிக்குக் கீழே போனால் அதை நம்பாதே.

அவள் எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு என் கையைக் கதவிலிருந்து மெதுவாக எடுத்துவிட்டாள்.

"அண்ணா, இப்ப இது என் கார். தள்ளி நில்லுங்க."

பிடோக்காரர் இருமுவதுபோலச் சிரித்தார். நான் தள்ளி நின்றேன். இந்த மாதிரி என்னிடம் பேசுகிறவர்கள் குறைவு.

கார் வாசலை நோக்கிப் போனது. அப்போதுதான் முக்கியமான ஒன்றைச் சொல்லாமல் விட்டது உறைத்தது. வெளியே போகும் வழியில் ஒரு வேகத்தடை இருந்தது, உயரமானது. தாழ்த்திய காரை அதில் நேராக ஏற்றினால் வயிறு உரசி, முதலில் பிய்வது பைப்தான். முதல் தடவை நான் அப்படித்தான் ஒன்றைக் கிழித்தேன். "ஏய், நில்லு!" என்று கத்த வாயைத் திறந்துகொண்டு, முதுகையும் மறந்து இரண்டு எட்டு ஓடினேன்.

அவள் தடைக்கு முன்னால் காரை ஏறக்குறைய நிறுத்தினாள். ஸ்டியரிங்கை ஒடித்துச் சாய்வாகத் திருப்பினாள். முன் வலது சக்கரம் ஏறியது. பிறகு முன் இடது. கார் முழுக்கக் குறுக்காகச் சாய்ந்து, ஒரு சத்தமும் இல்லாமல், பின் சக்கரங்களையும் ஒவ்வொன்றாகக் கடத்தியது. பின்னால் நின்ற காய்கறி லாரிக்காரர் ஹாரன் அடித்தார். அவள் அவசரப்படவில்லை. கண்ணாடியில் மல்லிகை மட்டும் ஆடியது. பிறகு நேராக்கிக்கொண்டு, இடப்பக்கம் திரும்பிப் போய்விட்டாள்.

நான் இன்னும் வாயைத் திறந்தபடியே நின்றேன்.

"மூடுங்க. ஈ போயிடப்போகுது" என்றாள் மனைவி.